கையை விடமுன் ரோச்சை அடியுங்கள்

2013 ஆவணியில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பழைய வீட்டின் கதவு நிலையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முதிரையில் செய்த நிலை. முதிரை லேசில் உக்காது. ஆனால் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்த சுண்ணாம்புச் சாந்து முழுக்க உதிர்ந்து, 2 விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு மேலிருந்து கீழ்வரை ஓடியிருந்தது. அலவாங்கால் நெம்பினால் சுவர் பெயர்ந்துவிடும், முதலில் ஆட்டிப் பார்க்கலாம் என்று இடது கையை அந்த வெடிப்புக்குள் கொடுத்தேன். என்னோடு வேலைக்கு வந்த பெடியன், “அண்ணை, கையை எடுங்கோ! உள்ளுக்குள்ள என்னவோ ஓடுது!” என்று கத்தினான். அவன் கத்தி முடியமுன்னமே பெருவிரலின் அடியில் ஆணி ஏறியதுபோல ஒரு குத்து.

கையை உதறினேன். என் உள்ளங்கையை விடப் பெரிய சிலந்தி ஒன்று வெடிப்பின் வாயிலில் நின்றது. உடம்பெல்லாம் மயிர். முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அந்தக் கால்களின் உட்பக்கம் கறுப்பும் பளீர் மஞ்சளும் மாறி மாறி இருந்ததை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். அடுத்த கணம் அதைக் காணவில்லை. அவ்வளவு வேகம்.

பின்னேரத்துக்குள் மணிக்கட்டு வரை வீங்கியது. ஆஸ்பத்திரியில் ஏற்பூசி (ரெற்றனஸ் ஊசி) போட்டு, வலிக்கு மருந்து தந்து, ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் இரவு கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிப் பிடித்துக்கொண்டன. கடித்தது கையில், பிடித்தது காலில். அதற்குப் பிறகும் ஒன்பது நாள் உளி பிடிக்க முடியவில்லை.

நான் மாங்குளத்துக்காரன், தச்சுவேலை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் பழைய கூரை கழற்றிப் புதுக்கூரை போட்ட வீடுகளுக்குக் கணக்கு வைக்கவில்லை. வளை, கைமரம், சிலாகை, முகட்டோடு என்று ஒரு வீட்டில் சிலந்தி எங்கெங்கே குடியிருக்கும் என்பது வேலையால் வந்த அறிவு. வலி எப்படி இருக்கும் என்பது அன்றைக்கு வந்தது. இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன், உங்கள் வீட்டில் யாருக்கும் அந்தக் குத்து விழக்கூடாது என்பதற்காக.

பயப்படத் தேவையில்லாதவை

வீட்டுக்குள் நீங்கள் காணும் சிலந்தியில் கிட்டத்தட்ட எல்லாமே இந்தக் கூட்டம்தான். சிலந்தி என்றால் அநேகமாக எல்லாவற்றிலும் விஷம் உண்டு, அது பூச்சியை மடக்குவதற்கு. மனிதனுக்குக் கெடுதி செய்யும் அளவுக்கு வலுவானது மிகச் சிலவற்றுக்கே.

முகட்டு மூலையில் நூல்போன்ற நீளக் கால்களோடு தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கிடுகிடுவென்று ஆடுவதை விட்டுவிடுங்கள். யன்னல் கட்டையில் துள்ளித் துள்ளி நுளம்பும் இலையானும் பிடிக்கும் சின்னச் சிலந்தியையும் அப்படித்தான். அது உங்களைத் திரும்பிப் பார்க்கும், கண் அவ்வளவு கூர்மை. வேலியில் வட்ட வலை பின்னி, நடுவில் பெருக்கல் குறிபோல வெள்ளைக் கோடு போட்டு உட்கார்ந்திருப்பதும் பாவம். இரவில் வளவுக்குள் ரோச் லைற்றை நெற்றிக்கு நேரே பிடித்து நிலத்தைப் பாருங்கள். பனித்துளி போலச் சின்னச் சின்னப் பொட்டுகள் மின்னும். அவை நிலத்தில் ஓடித் திரியும் சிலந்திகளின் கண்கள். பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டுங்கள், இருட்டில் உள்ள பயமும் கொஞ்சம் குறையும்.

ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆட்கள் இதைத்தான் விஷச் சிலந்தி என்று நினைத்து விளக்குமாற்றோடு துரத்துகிறார்கள். குசினிச் சுவரிலும் மலசலகூடத்திலும் இரவில் காணும் பெரிய கபிலநிறச் சிலந்தி அது. கால் விரித்தால் ஒரு சின்ன சோசர் அளவு வரும். சுவரோடு சுவராகத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். கால்கள் நண்டுபோல இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். கண்களுக்கு அருகே முகத்தின் குறுக்கே வெளிறிய ஒரு பட்டி ஓடும். சில நேரம் வயிற்றின் கீழே நாணயம் போன்ற ஒரு வெள்ளைத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரியும். அது முட்டைப் பை. வலை கட்டாது, இரவிரவாகக் கரப்பான் பூச்சி வேட்டை. கையால் நசித்துப் பிடித்தால் கடிக்கும், கொஞ்சம் நோகும், அவ்வளவுதான். எங்கள் குசினியில் ஒன்று பல மாதமாக இருக்கிறது. மனைவி முதலில் முகம் சுழித்தா. இப்போது, “எங்க இண்டைக்கு ஆளைக் காணேல்லை” என்று கேட்கிறா.

பயப்பட வேண்டியது

என்னைக் கடித்தது புலிச் சிலந்தி வகை. புலிமுகச் சிலந்தி என்றும் சொல்வார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் மட்டுமே வாழும் ஒரு குடும்பக் கிளை இது. எங்கள் மாங்குளத்துக்கே இதில் ஒரு பங்கு இருக்கிறது. 2009இல் இங்கே ஊர் ஆட்கள் அடித்துக் கொன்ற ஒரு சிலந்தியின் உடல் ஆய்வாளர்களின் கைக்குப் போனது. அவர்கள் தேடி வந்தார்கள், பழைய ஆஸ்பத்திரி விடுதிக் கட்டடத்தில்கூட அதைக் கண்டார்கள். 2012இல் புதிய இனம் என்று எழுதி, தேடலுக்குத் துணைநின்ற ஒரு பொலிஸ் அதிகாரியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கால் விரித்தால் சுமார் 20 சென்ரிமீற்றர், உலகச் செய்திகளில் மனித முகத்தளவு என்று போட்டார்கள். ராமேஸ்வரம் பக்கத்தில் முதலில் கண்டு பெயர் வைத்த இன்னொரு இனம் பிறகு மன்னாரிலும் அகப்பட்டது.

அடையாளத்துக்கு இவ்வளவு பிடித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டும் கபிலச் சிலந்தியின் கால் மெல்லியது. புலிச் சிலந்தியின் கால் மொத்தமானது, முழுக்க மயிர் மூடியது, நுனி பூனைப் பாதம்போல அகன்று மழுங்கி இருக்கும். மேலிருந்து பார்த்தால் சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் கலந்து, பாலை மரத்துப் பட்டையை வெட்டி ஒட்டியதுபோலத் தெரியும். வயிற்றின் மேல் நடுவால் வெளிறிய ஒரு பட்டை ஓரம் நெளிந்து ஓடும். அது கோபித்து முன்னங்காலைத் தூக்கினால்தான் மஞ்சளும் கறுப்பும் தெரியும். அதைக் காணும் தூரத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்றால் இரண்டடி பின்னால் போங்கள். வெளிச்சம் பட்டால் கபிலச் சிலந்தி சுவரிலேயே நிற்கும், அல்லது சுவரைச் சுற்றி ஓடும். புலிச் சிலந்தி நேரே ஒரு பொந்தைத் தேடிப் போகும்.

அதன் இயல்பான வீடு மரப் பொந்துதான். பாலை, வீரை, புளி, நாவல் என்று வயதான மரங்களில், கிளை முறிந்து உக்கிய துளைக்குள் பட்டு நூல் விரித்துப் பகல் முழுக்கக் கிடக்கும். பெண் 10 வருடத்துக்கு மேலும் வாழும். இரவில் வாயிலுக்கு வந்து பூச்சிக்குக் காத்திருக்கும், பல்லியையும் பிடிக்கும். ஆண்கள் பருவம் வந்தால் பெண்ணைத் தேடி அலைவார்கள், வீட்டுச் சுவரில் அகப்படுவது பெரும்பாலும் இந்த அலைகிறவர்கள்தான். காடு வெட்டப்பட்டு வயதான மரங்கள் போனதும், அதற்கு மரப் பொந்துக்கு ஈடாகத் தெரிவது எங்கள் கூரையும் கதவு நிலையும். துப்பாக்கிச் சன்னம் பட்ட பழைய சுவர்களில் இருக்கிற துளைகளும் அப்படியே.

அமெரிக்கப் பக்கத்துப் பெரிய மயிர்ச் சிலந்திகள் பல மயிரை உதிர்த்து எறிந்து அரிப்பு உண்டாக்கும் என்று யூரியூப்பில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்துப் புலிச் சிலந்திக்கு அந்த ஆயுதம் இல்லை. அதனால் அது கடியை நம்பியே இருக்கிறது. இந்தக் கடியால் யாரும் இறந்ததாகப் பதிவில்லை. ஆனால் வலி கடுமை. எனக்கு வந்ததுபோல, தசைப்பிடிப்பு பல மணித்தியாலம் கழித்தோ, நாள் கழித்தோ வரலாம், சிலருக்குக் கிழமைக் கணக்கில் விட்டு விட்டு வரும். இதைத் தெரிந்திருந்தால் அந்த மூன்றாம் நாள் இரவு நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கறுப்பு விதவை என்று ஆட்கள் சொல்லும் வகையிலும் ஒன்று இலங்கையிலிருந்து 1991இல் விவரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கடலைப் பருமன் வயிறு, பளபளக்கும் கறுப்பு, சிவப்பு அடையாளம். நிலத்தை ஒட்டிய இடங்களில், கல்லடி, கவிழ்த்த சட்டி, மரக்குவியலின் அடி, வெளிக் கக்கூசின் இருக்கைக்குக் கீழே என்று ஒழுங்கில்லாத வலுவான வலை கட்டுவது இந்த வகையின் பழக்கம். தடியால் அந்த வலையை அறுத்தால் நூல் நொறுநொறுவென்று சத்தம் கேட்கும். கடித்தால் வலி கடித்த இடத்தை விட்டு உடம்பெங்கும் பரவும், வயிறு இறுகும், வியர்த்துக் கொட்டும். அப்படி ஒரு அறிகுறி வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

சிலந்தி செய்யாத குற்றங்கள்

எங்கள் பெரியவர்கள் ஆறாத புண்ணையும் கட்டியையும்கூடச் சிலந்தி என்றே சொல்லுவார்கள். நரம்புச் சிலந்தி என்று சொன்னது ஒரு புழுவால் வரும் நோய். பெயர் ஒன்றாகப் போனதால் பழி முழுக்க எட்டுக்கால் பூச்சிக்கு வந்துவிட்டது.

காலபோக நெல் வயலில் நிற்கும் காலத்தில், மாரி மழை விட்ட இரவுகளில், கழுத்திலும் தோளிலும் கோடு இழுத்ததுபோலச் சிவந்து கொப்புளம் போடுகிறதே, அதை “சிலந்தி மூத்திரம் பெய்தது” என்பார்கள். சிலந்தி அப்படி எதுவும் செய்யாது. செய்வது ஒரு வண்டு. எறும்புபோல ஒல்லியாக, ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவாக, செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி, முதுகின் நடுவில் நீலப் பச்சையாக மின்னும் ஒரு சின்னச் சட்டை போட்டதுபோல இருக்கும். வயலில் அது நல்லது, நெல்லுக்குக் கெடுதியான பூச்சிகளைத் தின்னும். வெளிச்சத்துக்கு வந்து எங்கள் மேல் இருக்கும்போது நாங்கள் தட்டி நசிக்கிறோம், அதன் உடம்பு நீர் தோலில் பட்டு அடுத்த நாள் எரிகிறது. முழங்கை மடிப்பில் பட்டால் மடக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் அதே வடிவம் பதியும். என் மகளுக்குக் கழுத்தில் இப்படி வந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்வை பார்க்கக் கூட்டிப்போகச் சொன்னா. நான் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவவிட்டு, அவள் உடுத்த சட்டையையும் தலையணை உறையையும் தோய்க்கப் போட்டேன். பத்து நாளில் தோல் உரிந்து ஆறியது. இந்த வண்டு உடம்பில் இருந்தால் ஊதிவிடுங்கள், நசிக்க வேண்டாம். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவி உடனே ஆஸ்பத்திரி.

அடுத்தது சீனி வருத்தக்காரர். காலில் சிவந்து, நடுவில் கறுத்து, சீழ் வைத்தால் “ஏதோ சிலந்தி கடிச்சிருக்கு” என்று பச்சிலை வைத்துக்கட்டி நாள் கடத்துகிறார்கள். அது அநேகமாகக் கிருமி தொற்றிய புண். கடித்ததைக் கண்ணால் காணாமல் சிலந்தி என்று முடிவெடுத்ததால் கால் விரலை இழந்த ஒருவரை எங்கள் ஊரிலேயே தெரியும்.

காணாத கடி

இனி எழுதுவதை மற்ற எல்லாவற்றையும் விடக் கவனமாக வாசியுங்கள்.

இரவில் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகள் இன்னும் எங்களிடம் நிறைய. கட்டுவிரியன் என்ற பாம்பு இரவில் வீட்டுக்குள் வந்து, நித்திரையில் இருப்பவரைக் கடிக்கும். கடிவாயில் அநேகமாக வலி இல்லை, வீக்கமும் இல்லை. சில நேரம் பல் பட்ட அடையாளமே தெரியாது. கடிபட்டவர் எழும்பி “ஏதோ பூச்சி கடிச்சது” என்று சொறிந்துவிட்டுத் திரும்பப் படுப்பார். விடியப்புறம் வயிற்றுவலி தொடங்கும். அப்புறம் கண்ணிமை தொங்கி விழும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, மூச்சு அடங்கும்.

நான் கூரை போட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டில் இது நடந்தது. காலையில் போனால் 14 வயதுப் பெடியன் திண்ணையில் சுருண்டு கிடக்கிறான். தாய், “இரவு சிலந்தி கடிச்சதாம், இப்ப வயித்துக்குத்து, கசாயம் குடுத்திருக்கிறன்” என்றா. நான் குனிந்து, “தம்பி, மேல பாரடா” என்றேன். அவன் கண்ணைத் திறக்கவே நெற்றியைச் சுருக்கித் தலையை அண்ணாந்தான். இமை பாதிக்கு மேல் ஏறவில்லை. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். அம்புலன்ஸ் வந்தது, பிள்ளை பிழைத்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் கசாயத்தை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கும்.

ஆகவே கடித்தது எது என்று நீங்கள் கண்ணால் காணவில்லை என்றால் அதைப் பாம்பு என்றே எடுத்து நடவுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், கை காலை அசையாமல் வையுங்கள், மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். கயிறு கட்டுவது, பிளேட்டால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எல்லாம் கேடு. 1990 இலவச அழைப்பு, நாட்டின் எந்தப் பக்கமும் வரும். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் புடையன் (கண்ணாடி விரியன்) போன்ற பாம்பின் விஷம் ஏறியிருக்கலாம். முதல் சோதனை நன்றாக வந்தாலும் ஒரு நாள் வைத்திருந்து பார்க்கிறோம் என்று சொன்னால், வீட்டில் வேலை கிடக்கிறது என்று கையெழுத்து வைத்துவிட்டு வராதீர்கள். முதலில் சொன்ன கட்டுவிரியனின் விஷம் இந்தச் சோதனையில் தெரியாது, அதைக் கண்ணிமையிலும் மூச்சிலும்தான் பார்த்துப் பிடிக்கவேண்டும்.

கடித்தது சிலந்திதான் என்று கண்டுவிட்டீர்கள் என்றால் பதற்றம் வேண்டாம். சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, பனடோல் போடலாம். புலிச் சிலந்தி என்றால் சின்னக் கடியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தக் கடிக்கு என்று தனி மாற்று மருந்து கிடையாது. வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் வைத்தியம் செய்வார்கள், ஏற்பூசி போடவேண்டுமா என்று பார்ப்பார்கள். சிறுபிள்ளை, கர்ப்பிணி, நெஞ்சு இறுகுது என்று சொல்பவர், மூச்சு முட்டுபவர் என்றால் காத்திருக்கவே கூடாது. சிலந்தியைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. தூர நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும்.

வீட்டில் செய்யவேண்டிய வேலை

மருந்தடித்து முடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலில் சொல்கிறேன், காசு வீண். பொந்துக்குள் கிடக்கும் சிலந்திக்கு அது எட்டாது, அறைக்குள் தூங்கும் பிள்ளைக்குத்தான் எட்டும். இடைவெளியை அடைப்பதே வேலை. உங்கள் சுண்டுவிரல் நுழையும் வெடிப்பு புலிச் சிலந்திக்கு வாசல் என்று கணக்கு வையுங்கள்.

கதவு நிலையிலிருந்து தொடங்குங்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உதிர்ந்த சாந்தைப் பழைய ஸ்குரூ டிரைவரால் சுரண்டி எடுத்து, உள்ளே ரோச் அடித்துப் பார்த்து, பிறகு சீமெந்துச் சாந்தை இறுக்கி அடையுங்கள். மரத்துக்கும் மரத்துக்கும் இடையிலான மூட்டு விரிந்திருந்தால் சீமெந்து நிற்காது, சூட்டில் மரம் சுருங்க உதிர்ந்துவிடும். அதற்கு நான் செய்வது, சலித்த மரத்தூளை மரப்பசையில் களிபோலக் குழைத்து அமத்தி, காய்ந்ததும் அரத்தாள் போடுவது. கதவின் அடியில் வெளிச்சம் தெரிகிறதா? பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி, கதவின் வெளிப்பக்க அடியில் சின்ன ஆணியால் வரிசையாக அடியுங்கள், நுனி நிலத்தைத் தடவ வேண்டும். செலவு ஒன்றுமில்லை. சிலந்தியோடு தேளும் மட்டத்தேளும் சேர்ந்து வெளியிலேயே நிற்கும், பெரும்பாலான பாம்பும் அப்படியே.

கூரையில் கவனிக்கவேண்டியது கடைசி ஓட்டு வரிசை. ஓட்டின் வளைவுக்கும் பீலிப் பலகைக்கும் இடையில் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு பிறைபோல வாய் திறந்திருக்கும். நுளம்பு வலைக் கம்பியை உருளையாகச் சுருட்டி அந்த வாய்களுக்குள் திணித்தால் காற்றுப் போகும், சிலந்தி வராது. சீமெந்தால் அடைத்தால் வீடு வேகும், அதனால் வலைதான் நல்லது. கூரையைத் தொடும் கிளையை வெட்டுங்கள். ஆனால் வளவின் கோடியில் நிற்கும் பொந்து மரத்தைச் சிலந்திக்குப் பயந்து தறிக்காதீர்கள். அந்த மரம் இல்லாமல் போனால் அது தேடி வருவது உங்கள் நிலையைத்தான். எங்கள் வளவில் கிணற்றுக்கு அப்பால் ஒரு வீரை நிற்கிறது; அதன் பொந்தில் ஒரு பெண் புலிச் சிலந்தி இருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போடுவதில்லை, அவ்வளவே.

விறகைச் சுவரோடு அடுக்காதீர்கள். இரண்டு கல்லை வைத்து, ஒரு அடி உயர்த்தி, வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியாவது தள்ளி அடுக்குங்கள். பின்னேரம் இருட்டமுன் இரவுக்கு வேண்டிய விறகை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கொள்ளியையும் தூக்கமுன் தடியால் தட்டுங்கள். கிடுகு, பழைய ஓடு, தகரம், உரப்பை, தறப்பாள் எல்லாம் இதே கணக்குத்தான். மாதக் கணக்கில் அசையாமல் கிடந்த எதையும் வெறுங்கையால் புரட்டக் கூடாது. முதலில் காலுக்குச் சப்பாத்து, கைக்குத் தடித்த கையுறை, பிறகு நீளத் தடியால் உங்கள் பக்கம் இல்லாமல் மறுபக்கமாகத் திறக்கும்படி புரட்டுங்கள். எவரும் இல்லாமல் கிடக்கிற பாழ் வீட்டிலும், கண்ணிவெடி அகற்றி முடியாத காணியிலும் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம். அங்கே சிலந்தி சின்னப் பிரச்சினை.

வாசல் லைற்றைக் கதவுக்கு நேர் மேலே போடாமல் சில அடி தள்ளிப் போடுங்கள், மஞ்சள் ஒளி பல்ப் என்றால் இன்னும் நல்லது. பூச்சி கூடாத இடத்தில் சிலந்திக்கு என்ன வேலை?

படுக்கையைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்து வையுங்கள். நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழே சுற்றிவரச் செருகுங்கள், தொங்கவிட்டுப் பயனில்லை. நிலத்தில் படுப்பவர்களுக்குப் பாம்புக்கும் இந்தச் செருகல்தான் காவல். சப்பாத்து, வயல் பூட்ஸ், கொடியில் கிடந்த சாறம், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் உதறிவிட்டு எடுங்கள். ஹெல்மெட்டை மறக்கிறார்கள். விறாந்தைக் கம்பியில் ஒரு கிழமை தொங்கிய ஹெல்மெட்டின் உள் பஞ்சு, சிலந்திக்கு நல்ல மெத்தை. ஏ-9 வீதியில் வேகமாகப் போகும்போது காதோரம் ஏதோ ஊர்ந்தால் கை தன்பாட்டில் ஹான்டிலை விட்டுவிடும். கடியை விட அதுதான் ஆளைக் கொல்லும். கவிழ்த்துத் தட்டி, உள்ளே பார்த்துப் போடுங்கள்.

வந்துவிட்டால்

சுவரில் புலிச் சிலந்தி நின்றால் பிள்ளைகளையும் நாயையும் அறையை விட்டு வெளியே அனுப்புங்கள். அடிக்கப் போனால் முதல் அடி தவறும், அடுத்த நொடி அது எங்கே என்று தெரியாது, அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் நித்திரை வராது. நான் செய்வது இது. அகன்ற வாயுள்ள வெளிப்படையான பிளாஸ்ரிக் போத்தல், கடையில் பிஸ்கற் போட்டு வைப்பார்களே, அது, ஒரு கனமான மட்டை, ஒரு தும்புத்தடி. போத்தலை மெதுவாக, முன்னால் இருந்து கொண்டுபோய் அதன் மேல் கவிழ்த்து, மட்டையைச் சுவரோடு வழுக்கி அடியில் செருகி, மட்டையோடு சேர்த்து எடுக்கவேண்டும். அது போத்தலுக்குப் பெரிதாக இருந்தால், அல்லது உங்கள் கை நடுங்கினால், விட்டுவிடுங்கள். வெளிக்கதவைத் திறந்து, அறை லைற்றை நிப்பாட்டி, தும்புத்தடியின் நுனியால் பின்னங்காலைத் தொட்டால் அது இருட்டைத் தேடித் தானாகவே நகரும். வெடிப்புக்குள் புகுந்துவிட்டால் குச்சியால் குத்த வேண்டாம். வெடிப்பின் இடத்தைக் கரியால் அடையாளம் போட்டு வைத்து, இரண்டு மூன்று இரவு ரோச் அடித்துப் பார்த்து, வெளியே போனது நிச்சயம் என்றானதும் அடையுங்கள்.

பிடித்ததைப் பின்னேரத்தில் காட்டோரம் கொண்டுபோய், வயதான ஒரு மரத்தின் அடியில் போத்தலைச் சரித்து வைத்து மட்டையைத் தடியால் தள்ளுங்கள். வெளிநாட்டில் இதை வளர்ப்பதற்கு வாங்குகிறார்கள். ஒன்றுக்கு இவ்வளவு தருகிறேன் என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். 2019இல் இந்தக் கிளையின் எல்லா இனங்களையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், சேர்க்கக் கேட்ட நாடுகளில் எங்கள் நாடும் ஒன்று.

ஐப்பசி மழைக்கு முன் எங்கள் வீட்டில் நான்கு முகட்டோடு மாற்றவேண்டும். பெடியனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், ஏணியில் ஏறமுன் ரோச் என் கையில் இருக்கிறதா என்று அவன் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் ஏணியைப் பிடிக்கக் கூடாது என்று.